கிளையன்ட் எங்கே போனாலும் ஓட வேண்டும்

தொண்ணூறுகளின் பின்பாதியில் சென்னையில் டெலிகாம் மென்பொருள் எழுதியவர்களுக்கு கோர்பா பழக்கமான பெயர். ஓர் இயந்திரத்தில் ஓடும் நிரல், வேறோர் இயந்திரத்தில் வேறொரு மொழியில் எழுதப்பட்ட நிரலின் ஆப்ஜெக்டைத் தன் பக்கத்திலேயே இருப்பதுபோலக் கூப்பிட வழிசெய்யும் தரநிலை அது. 1989இல் 11 நிறுவனங்கள் சேர்ந்து ஆப்ஜெக்ட் மேனேஜ்மென்ட் குரூப் என்ற அமைப்பைத் தொடங்கின. 1991இல் முதல் கோர்பா விவரக்குறிப்பு வந்தது. அந்த அமைப்பு மென்பொருள் செய்து விற்கவில்லை, விதிகளை மட்டும் எழுதியது. விதிப்படி ஆர்ப் என்னும் இடைநிலை மென்பொருளைச் செய்து விற்றவர்கள் வெண்டர்கள். டப்ளினிலிருந்து அயோனாவின் ஆர்பிக்ஸ், அமெரிக்காவிலிருந்து விசிஜெனிக்கின் விசிபுரோக்கர், டெக்கின் ஆப்ஜெக்ட்புரோக்கர், ஐபிஎம்மின் டிசாம், சன்னின் நியோ, எச்பியின் ஆர்ப் பிளஸ் என்று சந்தையில் சரக்குக்குக் குறைவில்லாத காலம்.

நான் பார்த்த வேலை நெட்வொர்க் மேலாண்மை. ஆப்டிகல் ஃபைபரில் தொலைபேசிப் போக்குவரத்தைச் சுமக்கும் டிரான்ஸ்மிஷன் கருவிகளை எங்கள் மென்பொருள் நேரடியாகக் கவனிக்கும். அதற்கு மேலே, டெலிபோன் கம்பெனி தன் முழு நெட்வொர்க்கையும் ஒரே திரையில் பார்க்கும் இன்னொரு மென்பொருள் இருக்கும். எந்த கார்டு எந்த நிலையில் இருக்கிறது, எங்கே அலாரம் அடிக்கிறது என்று மேலே இருப்பது கேட்கும், நாங்கள் சொல்ல வேண்டும். அந்தப் பேச்சுவார்த்தை நடக்கும் இடம்தான் நார்த்பவுண்டு இடைமுகம். பேச்சு மொழி கோர்பா. நாங்கள் சர்வர், மேலே இருப்பவர் கிளையன்ட்.

சர்வருக்கு எந்த ஆர்ப் வாங்குவது என்பதை எங்கள் நிறுவனமே முடிவு செய்யலாம். ஓடும் இயந்திரம், கம்பைலர், பேட்ச் எல்லாம் எங்கள் கட்டுப்பாட்டில். கிளையன்ட் அப்படியில்லை. அது எங்களுக்கு முகம் தெரியாத ஒரு குழு, வேறொரு நாட்டில், தங்களிடம் ஏற்கெனவே இருக்கும் ஆர்ப்பில் எழுதுவது. ஒரு வாடிக்கையாளர் ஆர்பிக்ஸில் பல வருடம் ஊறியிருப்பார். இன்னொருவர் விசிபுரோக்கருக்கு லைசென்ஸ் கட்டியிருப்பார். மூன்றாமவர் ஜாவாவுக்கு மாறிக்கொண்டிருப்பார். அவர்களுக்கு நாங்கள், எங்கள் சர்வரில் என்னென்ன அழைப்புகள் உண்டு என்று வரையறுக்கும் ஐடிஎல் ஃபைலையும், அவற்றை எப்படிக் கூப்பிடுவது என்று காட்டும் மாதிரி கிளையன்ட் ஒன்றையும் கொடுப்போம். அந்த மாதிரி கிளையன்ட் அவர்கள் கையில் கம்பைல் ஆகவில்லை என்றால் எங்கள் சர்வர் எவ்வளவு நன்றாக ஓடினாலும் பயனில்லை. கோர்பாவைப் பற்றி அந்நாளில் எழுதியவர்கள் பெரும்பாலும் சர்வரின் இடமாற்றத் திறனைப் பற்றித்தான் கவலைப்பட்டார்கள். என் அனுபவத்தில் அதைவிட முக்கியமானது கிளையன்ட்.

கோர்பா இரண்டு வாக்குறுதிகளைத் தந்தது. ஒன்று, வெவ்வேறு வெண்டர்களின் ஆர்ப்கள் கம்பி வழியே ஒன்றையொன்று புரிந்துகொள்ளும். இரண்டு, ஒரு ஆர்ப்புக்கு எழுதிய மூல நிரலை இன்னொன்றில் கம்பைல் செய்து ஓட்டலாம். விற்பனைக்கு வந்தவர்கள் இரண்டையும் ஒரே மூச்சில் சொல்வார்கள். நிறைவேறிய அளவு இரண்டிலும் ஒன்றல்ல.

முதல் வாக்குறுதி உண்மையாகவே நிறைவேறியது. இரண்டாம் பதிப்போடு வந்த ஐஐஓபி நெறிமுறைதான் காரணம். ஒவ்வொரு செய்தியும் 12 பைட் தலைப்போடு தொடங்கும். முதல் நாலு பைட் ஜி, ஐ, ஓ, பி என்ற எழுத்துகள், பிறகு பதிப்பு எண், பைட் வரிசையைச் சொல்லும் கொடி, செய்தி வகை, நீளம். அனுப்புகிறவர் தன் இயந்திரத்தின் பைட் வரிசையிலேயே அனுப்பலாம்; பெறுகிறவர் கொடியைப் பார்த்துத் திருப்பிக்கொள்ள வேண்டும். எங்கள் சன் ஸ்பார்க் சர்வரும் வாடிக்கையாளரின் இன்டெல் கிளையன்டும் எண்களைத் தலைகீழாக வைத்திருந்தும் அலாரம் எண் ஒருநாளும் பிசகியதில்லை. ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேனில் டிஎஸ்டிசி என்ற ஆய்வு மையம் கோர்பாநெட் என்ற செயல்விளக்கத்தையே நடத்தியது: வெவ்வேறு வெண்டர்களின் ஆர்ப்களில் எழுதிய கிளையன்ட்களும் சர்வர்களும் சேர்ந்து கூட்ட அறை முன்பதிவு செய்யும். ஒரு கமிட்டி உட்கார்ந்து எழுதிய காகிதத்தைப் பார்த்து, ஒருவரையொருவர் போட்டியாளர்களாக நினைத்தவர்கள் தனித்தனியாகச் செய்த பொருள்கள் இப்படிப் பேசிக்கொண்டதைப் பெரிய சாதனையாகவே நான் இன்றும் கருதுகிறேன்.

இரண்டாவது வாக்குறுதியில்தான் எங்கள் இரவுகள் போயின.

ஐடிஎல் ஃபைல் எல்லோருக்கும் ஒன்றே. அதை ஒவ்வொரு வெண்டரின் ஐடிஎல் கம்பைலரிலும் கொடுத்தால், அழைப்பைக் கம்பி வழியே அனுப்பும் சி பிளஸ் பிளஸ் நிரல், அதாவது ஸ்டப், வரும். வரும் ஃபைலின் பெயரே ஆளுக்கொரு விதம். ஒருவர் பெயருக்குப் பின்னால் ஹெச்ஹெச் மட்டும் சேர்ப்பார், இன்னொருவர் நடுவில் அண்டர்ஸ்கோரும் சி-யும் வைப்பார், மற்றொருவர் பெரிய சி-யைக் கடைசியில் ஒட்டுவார். கோர்பாவின் மூல ஹெடரும் ஒருவரிடம் பெரிய எழுத்தில், இன்னொருவரிடம் சிறிய எழுத்தில். இதெல்லாம் எரிச்சல்தான், எல்லா இன்குளூடுகளையும் நாமே எழுதும் ஒரே ஹெடருக்குள் அடைத்தால் தீர்ந்தது.

மொழியோடு சம்பந்தப்பட்ட வேறுபாடுகள் அதற்கு மேல். கோர்பாவின் சி பிளஸ் பிளஸ் விதிகள் எழுதப்பட்டபோது அந்த மொழிக்கே ஐஎஸ்ஓ தரநிலை கிடையாது. அது 1998இல்தான் வந்தது. நேம்ஸ்பேஸ் தெரியாத கம்பைலர்களும், எக்ஸெப்ஷன் தெரியாத கம்பைலர்களும் அலுவலகங்களில் தினசரிப் புழக்கத்தில் இருந்தன. ஆகவே விதி வளைந்து கொடுத்தது. ஐடிஎல் மாட்யூலை நேம்ஸ்பேஸாகவும் மாற்றலாம், கிளாஸுக்குள் கிளாஸாகவும் வைக்கலாம், அண்டர்ஸ்கோர் போட்டு ஒட்டிய நீளப் பெயராகவும் ஆக்கலாம். எக்ஸெப்ஷன் இல்லாத இடத்தில் ஒவ்வொரு அழைப்பிலும் என்விரான்மென்ட் என்ற கூடுதல் அளவுருவைக் கொடுத்துப் பிழையை அதில் பார்த்துக்கொள்ளலாம். மூன்றுமே தரநிலைக்கு உட்பட்டவை. தரநிலைக்கு உட்பட்ட மூன்று கிளையன்ட்கள் ஒன்றின் இடத்தில் இன்னொன்று கம்பைல் ஆகாது. அந்தக் காலத்துக் கம்பைலர்களை வைத்துக்கொண்டு இதைவிடக் கறாராக எழுதியிருந்தால் பாதி வெண்டர்கள் சேர்ந்திருக்க மாட்டார்கள். ஆகவே இதில் நான் யாரையும் குறை சொல்ல மாட்டேன்.

கம்பைல் ஆகிவிட்டுப் பிறகு விழும் பிழைகள்தான் கொடுமை. அப்போது ஸ்ட்ரிங்குக்கு மொழியிலேயே பொதுவான வகை இல்லாததால் கோர்பா தனக்கென ஒன்றைச் செய்துகொண்டது. அதன் விதி இது: சாதாரண எழுத்துச் சுட்டியைக் கொடுத்தால் அந்த நினைவகத்தை அது தனதாக்கிக்கொண்டு பின்னால் விடுவிக்கும், மாற்றக்கூடாத சுட்டியைக் கொடுத்தால் நகல் எடுத்துக்கொள்ளும். இப்போது மேற்கோள் குறிக்குள் ஒரு சொல்லை நேரடியாக எழுதி அதில் போட்டால் என்ன ஆகும்? புதிய கம்பைலர் அதை மாற்றக்கூடாதது என்று பார்த்து நகல் எடுக்கும், ஒழுங்காக ஓடும். பழைய கம்பைலர் சாதாரணச் சுட்டி என்று பார்க்கும். அந்த மாறியின் ஆயுள் முடியும்போது, நிரலின் நிலையான பகுதியில் இருக்கும் சொல்லை விடுவிக்கப் பார்த்து நிரலே சரியும். ஒரே வரி. எங்கள் சன் இயந்திரத்தில் ஒழுங்காக ஓடியது, வாடிக்கையாளரின் பழைய யூனிக்ஸில் கோர் டம்ப் ஆனது. இருவருமே ஆர்ப் வெண்டரைத் திட்டிக்கொண்டிருந்தபோது, எங்கள் குழுவில் இருந்த ஓர் இளைஞர் கம்பைலர் எந்த வடிவத்தைத் தேர்ந்தெடுக்கிறது என்று அசெம்பிளி அளவுக்கு இறங்கிப் பார்த்துச் சொன்னார். அன்றிலிருந்து எங்கள் நிரலில் எந்தச் சொல்லையும் நகல் எடுக்கும் ஃபங்ஷன் வழியாக மட்டுமே கொடுப்பது என்று விதி வைத்தோம். எல்லாக் கம்பைலரிலும் அது சரி.

ஆனால் கிளையன்டின் இடமாற்றத்தைக் கெடுத்த முதல் குற்றவாளி நிரலின் ஆரம்பத்திலேயே இருந்தது: முதல் ஆப்ஜெக்டை எப்படிக் கண்டுபிடிப்பது?

ஓர் ஆப்ஜெக்ட் கையில் கிடைத்துவிட்டால் பிறகு எல்லாம் சுமுகம். அது இன்னொன்றைக் கொடுக்கும், அது வேறொன்றைக் கொடுக்கும், எல்லாமே ஐடிஎல்லில் எழுதியபடி. முதல் ஆப்ஜெக்டைப் பிடிக்க ஆர்பிக்ஸ் பைண்ட் என்ற அழைப்பைத் தந்தது. சர்வரின் பெயரையும் ஹோஸ்ட் பெயரையும் கொடுத்தால் அந்த இயந்திரத்தில் ஓடும் ஆர்பிக்ஸ் டீமன் சர்வரை எழுப்பிக்கூடக் கொடுக்கும். விசிபுரோக்கரும் பைண்ட் என்ற பெயரிலேயே ஓர் அழைப்பைத் தந்தது. அது ஸ்மார்ட் ஏஜென்ட் என்ற தன் சொந்த ஏவலாளை நெட்வொர்க்கில் கூவி அழைத்துத் தேடும். பெயர் ஒன்று, அளவுருக்கள் வேறு, பின்னால் நடப்பது முற்றிலும் வேறு. இரண்டுமே தரநிலையில் இல்லை. இரண்டு வெண்டர்களின் கையேடுகளிலும் பாடம் தொடங்குவதே பைண்டில்தான். புதிதாக வரும் எந்த இன்ஜினியரும் முதல் நாளே அதைக் கற்றுக்கொண்டு, அதுதான் கோர்பா என்று நம்பிவிடுவார்.

தரநிலை சொன்ன வழி வேறு. நேமிங் சர்வீஸில் பெயரைக் கொடுத்து ஆப்ஜெக்டை வாங்க வேண்டும். நேமிங் சர்வீஸே ஓர் ஆப்ஜெக்ட். அதைப் பிடிக்க ஆர்ப்பிடம் கேட்க ஒரு தரமான அழைப்பு உண்டு. அந்த நேமிங் சர்வீஸ் எந்த இயந்திரத்தில் இருக்கிறது என்று ஆர்ப்புக்கு யார் சொல்வது? அதை விதி சொல்லவில்லை. ஒரு வெண்டர் கான்ஃபிக் ஃபைலில் எழுதச் சொன்னார், இன்னொருவர் கமாண்ட் லைனில் கேட்டார், அடுத்தவர் தன் நேமிங் சர்வீஸை மட்டுமே தேடினார். ஒரு வெண்டரின் கிளையன்ட் இன்னொரு வெண்டரின் நேமிங் சர்வீஸைப் பார்ப்பது பல சமயம் முடியாத காரியம்.

மிஞ்சியது ஐஓஆர் சரம். ஓர் ஆப்ஜெக்டின் முகவரி முழுவதையும் ஐஓஆர் என்ற முன்னொட்டோடு பதினாறடிமான எண்களாக நீளமாக எழுதிவிடலாம். எந்த ஆர்ப் எழுதினாலும் எந்த ஆர்ப்பும் படிக்கும். சர்வர் தொடங்கும்போது அதை ஒரு ஃபைலில் எழுதும், ஃபைலை எஃப்டிபி வழியாக வாடிக்கையாளருக்குக் கொடுப்போம். வழி கரடுமுரடானது, ஆனால் வெண்டர் சார்பில்லாதது. அதிலும் ஒரு கண்ணி: சரத்துக்குள் ஹோஸ்டின் பெயர் புதைந்திருக்கும். எங்கள் சர்வர் தன்னை உள்ளூர்ச் சுருக்கப் பெயரால் அழைத்துக்கொண்டால் அந்தப் பெயரை வாடிக்கையாளரின் டிஎன்எஸ் அறியாது. கிளையன்டில் தொடர்புத் தோல்வி என்ற எக்ஸெப்ஷன் மட்டும் வரும், காரணம் வராது. சரத்தைப் பிரித்துக் காட்டும் சிறு கருவி ஒன்றை எழுதி மாதிரி கிளையன்டோடு சேர்த்தே அனுப்பத் தொடங்கினோம். நான் அந்த வேலையில் செய்த மிகப் பயனுள்ள காரியம் அதுதான் என்று நினைக்கிறேன்.

இன்டராப்பரபிள் நேமிங் சர்வீஸ் என்ற திருத்தம் பிறகு வந்தது. கோர்பாலாக் என்று தொடங்கும் யுஆர்எல் போன்ற முகவரியில் ஹோஸ்டையும் போர்ட்டையும் எழுதினால் போதும். போர்ட் எழுதாவிட்டால் 2809. மனிதர் படிக்கக்கூடிய ஒரே வரி. விவரக்குறிப்பின் 2.4ஆம் பதிப்போடு, 2000ஆம் ஆண்டு வாக்கில்தான் அது நடைமுறைக்கு வந்தது. முதல் விவரக்குறிப்பிலிருந்து ஒன்பது ஆண்டுகள். தொழில்நுட்பத்தில் கடினமான ஒன்றும் அதில் இல்லை. வெண்டர்களுக்கு அவசரம் இல்லை என்பதைத் தவிர வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை.

ஏன் அவசரம் இல்லை என்பது ஒரு விற்பனைப் பிரதிநிதி எங்கள் அலுவலகத்துக்கு வந்தபோது புரிந்தது. அவர் நிறுவனத்தின் ஆர்ப்பில் எங்கள் சர்வர், வேறொன்றில் வாடிக்கையாளரின் கிளையன்ட், இரண்டுக்கும் நடுவே ஒரு சிக்கல். பலகையில் படம் வரைந்து விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "சார், ரெண்டு பக்கமும் எங்க ப்ராடக்டையே போட்டுடுங்க. இந்தப் பிரச்சினையே வராது."

"அப்புறம் தரநிலை எதுக்கு சார்?" என்றார் எங்கள் குழுத் தலைவி.

"அது இருக்கு மேடம். சப்போர்ட்னு வரும்போது நாங்க எங்க கிளையன்டுக்குத்தான் பொறுப்பு எடுத்துக்க முடியும்."

அவர் தன் வேலையை நேர்மையாகச் செய்த மனிதர், பொய் சொல்லவில்லை. கிளையன்ட் இயந்திரம் ஒவ்வொன்றுக்கும் ரன்டைம் லைசென்ஸ் வசூலித்த காலம் அது. வாடிக்கையாளரின் கிளையன்ட் எந்த ஆர்ப்பிலும் ஓடுவது என்பது அவர் நிறுவனத்துக்கு வருமான இழப்பு. தரநிலைக் கமிட்டியில் உட்கார்ந்து ஓட்டுப் போட்டவர்களும் அதே நிறுவனங்கள்தான். எங்களைப் போன்று கிளையன்டை அனுப்பிவைக்கிறவர்களின் குரல் அந்த அறையில் மெலிதாகவே கேட்டது.

சப்போர்ட் என்பதும் அப்படியே ஒரு கலையாக இருந்தது. இரண்டு வெண்டர்களின் பொருள்கள் மோதினால் ஒவ்வொருவரும் மற்றவரைக் கைகாட்டுவார்கள். டிக்கெட் நம்பர் மட்டும் வளரும். "எங்கள் கிளையன்டில் இது ஓடுகிறது" என்ற பதிலோடு டிக்கெட்டை மூடிவிடுவார்கள். நாங்கள் கற்றுக்கொண்ட வழி, புகாரைக் கதையாக எழுதாமல் பைட்டாக எழுதுவது. சோலாரிஸில் ஸ்னூப் என்ற கருவியால் கம்பியில் போகும் செய்திகளைப் பிடித்து, பைட் பைட்டாகப் பிரித்து, அருகில் விவரக்குறிப்பின் பிரிவு எண்ணை எழுதி, இரண்டு வெண்டருக்கும் ஒரே கடிதமாக அனுப்புவோம். ஒருமுறை ஐஓஆரில் நெறிமுறைப் பதிப்பு 1.0 என்று தெளிவாக இருந்தும் கிளையன்ட் பக்கத்து ஆர்ப் 1.1 செய்தியை அனுப்பியது. சர்வர் இணைப்பைத் துண்டித்தது. ஐஓஆரில் சொன்னதைவிட உயர்ந்த பதிப்பைக் கிளையன்ட் அனுப்பக் கூடாது என்று விதியில் இருக்கிறது. பிடித்த பைட்டுகளில் அந்த ஒரு பைட்டைச் சுற்றி வட்டம் போட்டு அனுப்பினோம். வாரக்கணக்கில் நகராத டிக்கெட் அதன் பிறகு நகர்ந்தது, பேட்ச் வந்தது. விவரக்குறிப்பு யார் வேண்டுமானாலும் இலவசமாக இறக்கிக்கொள்ளக்கூடிய ஆவணமாக இருந்ததால்தான் அது சாத்தியமாயிற்று. அதை அச்சடித்துக் கட்டி வைத்த கட்டு எங்கள் மேசையில் எப்போதும் கிடக்கும்.

விதியில் எழுதாத இடங்களில் அந்த உபாயமும் பலிக்காது. டைம்-அவுட் அப்படிப்பட்டது. நெட்வொர்க் மேலாண்மையில் எதிர்ப்பக்கம் செத்துப்போவது அன்றாட நிகழ்ச்சி. கிளையன்ட் ஓர் அழைப்பைச் செய்துவிட்டுக் காத்திருக்கும்போது எங்கள் சர்வர் இருக்கும் ஊரின் இணைப்பே அறுந்தால், டிசிபி கைவிடும்வரை அது தொங்கும். கண்காணிப்பு அறையில் இருக்கும் ஆபரேட்டருக்குத் திரை உறைந்து நிற்கும், அதுவும் கோளாறு நடந்திருக்கும் நேரத்தில். எவ்வளவு நேரம் காத்திருக்கலாம் என்று கிளையன்ட் சொல்ல வெகுகாலம் தரமான வழியே இல்லை. ஒவ்வொரு வெண்டரும் தனக்கென ஒரு ஃபங்ஷனோ மாறியோ வைத்திருந்தார். மெசேஜிங் என்ற விவரக்குறிப்பு அதைச் சரிசெய்தது. அது எல்லா ஆர்ப்களுக்கும் வந்து சேர மேலும் காலம் பிடித்தது. இதை நான் ஒரு பெரிய குறையாகவே எண்ணுகிறேன். தொலைவில் இருப்பதைப் பக்கத்தில் இருப்பதுபோலக் காட்டுவது நல்ல நோக்கம். தொலைவில் இருப்பது பதில் சொல்லாமல் போகலாம் என்பதற்கு முதல் பதிப்பிலேயே இடம் கொடுத்திருக்க வேண்டும்.

அலாரம்தான் அடுத்த தலைவலி. அலாரம் வரும்போது சர்வரே கிளையன்டைத் திருப்பிக் கூப்பிடும் கால்பேக்தான் இயல்பான வடிவமைப்பு. அப்படிச் செய்தால் கிளையன்டுக்குள்ளும் ஓர் ஆப்ஜெக்ட் இருக்கும், கிளையன்டே சர்வராகிவிடும். சர்வர் பக்கத்துக்கு அன்றிருந்த பேசிக் ஆப்ஜெக்ட் அடாப்டர் அரைகுறையாக எழுதப்பட்டது. கிளாஸின் பெயர், தயார் என்று அறிவிக்கும் அழைப்பு எல்லாம் வெண்டருக்கு வெண்டர் மாறும். அதற்கு மாற்றாகப் போர்ட்டபிள் ஆப்ஜெக்ட் அடாப்டர் 1998இன் 2.2 பதிப்பில்தான் வந்தது. அதுவரை கால்பேக் வைத்த எந்தக் கிளையன்டும் ஒரு வெண்டரோடு கட்டுண்டது. போதாததற்கு வாடிக்கையாளரின் ஃபயர்வால் உள்ளே வரும் இணைப்பை விடாது. நாங்கள் மாதிரி கிளையன்டில் கால்பேக்கை எடுத்துவிட்டு, ஈவென்ட் சர்வீஸிலிருந்து கிளையன்டே இழுத்துக்கொள்ளும் முறையை வைத்தோம். அலாரம் ஒரு கணம் தாமதமாக வரும், ஆனால் கிளையன்ட் வெறும் கிளையன்டாகவே இருக்கும், எங்கும் ஓடும். குழுவுக்குள் இதில் கடும் வாக்குவாதம் நடந்தது. வேகத்தை விட்டுக்கொடுத்து இடமாற்றத்தை வாங்கியது சரியான பேரம் என்பதில் எனக்கு இன்றும் மாற்றுக் கருத்து இல்லை.

இவ்வளவுக்கும் நாங்கள் செய்த ஏற்பாடு எளிமையானது. ஆர்ப்பைத் தொடங்குவது, முதல் ஆப்ஜெக்டைப் பிடிப்பது, டைம்-அவுட் வைப்பது, ஹெடர்கள், இவை மட்டும் ஒரு தனி ஃபைலில். வெண்டர் பெயர் வாசமே மற்ற எந்த ஃபைலிலும் அடிக்கக் கூடாது. ஒவ்வொரு இரவும் மாதிரி கிளையன்டை இரண்டாவது ஓர் ஆர்ப்பிலும் பில்டு செய்து எங்கள் சர்வரோடு ஓட்டிப் பார்ப்போம். அந்த இரண்டாவது ஆர்ப் ஆம்னிஆர்ப். இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் இருந்த ஆலிவெட்டி ஆய்வகத்தில் பிறந்து, பிறகு ஏடி அண்ட் டி ஆய்வகத்தின் கையில் வளர்ந்தது. மூல நிரலோடு இலவசம். ஜெர்மனியிலிருந்து மைக்கோ, ஜாக்ஆர்ப், அமெரிக்காவில் டக்ளஸ் ஷ்மிட்டின் குழுவிலிருந்து டாவ் என்று வேறு சிலவும் அப்படி வந்தன. பில்டு இயந்திரத்துக்கு ஏன் கூடுதல் செலவு என்று நிர்வாகத்தில் கேட்டார்கள். வாடிக்கையாளர் இடத்துக்கு ஓர் இன்ஜினியரை விமானத்தில் அனுப்புவதைவிட மலிவு என்று கணக்குக் காட்டியதும் விட்டுவிட்டார்கள். கோர்பாவின் தரத்தைக் காப்பாற்றியவர்கள் யார் என்று கேட்டால், காசு வாங்காமல் விதியை எழுத்துக்கு எழுத்து நிறைவேற்றிய இந்தப் பல்கலைக்கழக, ஆய்வக ஆட்களைத்தான் முதலில் சொல்வேன். அவர்களுக்கு விதியைத் தாண்டி விற்க எதுவும் இருக்கவில்லை.

ஜாவா பக்கம் நிலைமை நல்லது. ஜாவாவுக்கான விதியில் ஸ்டப்புகளே எந்த ஆர்ப்பிலும் ஓடும்படி வரையறுத்தார்கள். ஒரு வெண்டரின் கம்பைலர் உருவாக்கிய ஸ்டப்பை இன்னொருவரின் ஆர்ப்போடு, மறுபடி கம்பைல் செய்யாமலே ஓட்டலாம்; எந்த ஆர்ப் என்பதை ஒரு ப்ராப்பர்ட்டியில் எழுதினால் போதும். 1998 டிசம்பரில் வந்த ஜாவா 1.2 தன்னோடு ஓர் ஆர்ப்பையும் கொண்டுவந்ததால் கிளையன்டுக்கு லைசென்ஸ் வாங்கும் வேலையும் ஒழிந்தது. சி பிளஸ் பிளஸ்ஸில் ஸ்டப்பை அப்படி மாற்றி ஓட்ட வழியில்லாமல் போனதற்கு மொழியும் கம்பைலர்களும் காரணம். ஜாவா 1.2க்கு முன் நெட்ஸ்கேப் தன் பிரவுசரின் 4ஆம் பதிப்பில் விசிபுரோக்கரை உள்ளேயே வைத்து அனுப்பியது. நல்ல எண்ணம்தான். ஆனால் வேறு பதிப்பையோ வேறு ஆர்ப்பையோ நம்பி எழுதிய ஆப்லெட், பிரவுசருக்குள் ஏற்கெனவே குடியிருந்த கிளாஸ்களோடு மோதியது.

வெண்டர்களுக்கு என்ன ஆனது என்று பார்த்தால் கிளையன்டை ஏன் சுதந்திரமாக வைக்க வேண்டும் என்பது விளங்கும். ஆப்ஜெக்ட்புரோக்கர் 1997இல் பிஇஏ நிறுவனத்துக்குக் கைமாறியது. சன்னின் நியோ நின்றுபோனது. விசிஜெனிக் 1998இல் போர்லாண்டுக்குள் போனது; போர்லாண்ட் 2009இல் மைக்ரோ ஃபோகஸுக்குள் போனது. அயோனாவை 2008இல் ப்ராகிரஸ் வாங்கியது. சில ஆண்டுகளில் ஆர்பிக்ஸும் அதே மைக்ரோ ஃபோகஸிடம் வந்து சேர்ந்தது. பைண்டின் பெயரில் ஒருவரோடொருவர் போட்டியிட்ட இரண்டு ஆர்ப்களும் கடைசியில் ஒரே கூரையின் கீழ். இடையில் அயோனா ஆர்பிக்ஸ் 2000 என்று புது அடித்தளத்தில் எழுதி, பழைய அடாப்டரிலிருந்து புதியதற்கு நகர்ந்தது. பழைய பைண்ட் வரிகளை நிரல் முழுக்கத் தூவியிருந்தவர்கள் அப்போது பட்ட பாட்டை நான் பக்கத்திலிருந்து பார்த்தேன். எங்களுக்கு அந்தத் தனி ஃபைலோடு வேலை முடிந்தது.

கோர்பா ஏன் தாழ்ந்தது என்று மிக்கி ஹென்னிங் 2006இல் ஏசிஎம் க்யூவில் எழுதிய கட்டுரை புகழ்பெற்றது. கோர்பா சி பிளஸ் பிளஸ் நிரலாக்கத்துக்கு ஸ்டீவ் வினோஸ்கியோடு சேர்ந்து ஆயிரம் பக்கத்துக்கு மேற்பட்ட புத்தகம் எழுதியவரே குறைகளையும் எழுதியதால் அதற்குக் கனம் அதிகம். ஓடிக் காட்டிய மாதிரி இல்லாமலே விதிகளை ஏற்றுக்கொண்டார்கள் என்ற அவரது குற்றச்சாட்டை முழுமையாக ஏற்கிறேன். ஆனால் சிக்கலான தரநிலை என்பதாலேயே விழுந்தது என்று பொதுவாகச் சொல்லப்படுவதில் எனக்கு உடன்பாடில்லை. கிளையன்ட் எழுதுகிறவருக்குத் தேவைப்பட்ட பகுதி சிறியது. அதில் ஓட்டையாக இருந்த மூன்று நான்கு இடங்களை வெண்டர்கள் தங்கள் சொந்தச் சரக்கால் அடைத்தார்கள், தரநிலையால் அடைக்கவில்லை.

டெலிகாம் துறை இதில் ஒரு நல்ல வழியைக் கண்டது. டிரான்ஸ்மிஷன் நெட்வொர்க்குக்கான டிஎம்எஃப் 814 என்ற கோர்பா இடைமுகத்தோடு, எதை ஆதரிக்கிறோம், எதை ஆதரிக்கவில்லை என்று ஒவ்வொரு வெண்டரும் அழைப்பு அழைப்பாக எழுதிக் கையளிப்பதற்கான படிவத்தையும் சேர்த்தே வெளியிட்டார்கள். அந்தப் படிவத்தை நிரப்பும்போதுதான் எங்கள் சர்வரில் எத்தனை இடம் காலியாக இருக்கிறது என்று எங்களுக்கே தெளிவாகத் தெரிந்தது. வாடிக்கையாளர் அதைப் பார்த்துத் தன் கிளையன்டைத் திட்டமிட்டார். பேச்சில் "சப்போர்ட் இருக்கு" என்று சொல்வதற்கும் காகிதத்தில் ஆம், இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போடுவதற்கும் உள்ள தூரத்தை அந்தப் படிவம் குறைத்தது.

2018இல் ஜாவாவின் 11ஆம் பதிப்பு கோர்பாவைத் தன்னிடமிருந்து நீக்கியது. விதியில் உள்ள அழைப்புகளை மட்டும் வைத்து எழுதிய கிளையன்ட்கள் வெளியிலிருந்து ஓர் ஆர்ப்பைச் சேர்த்துக்கொண்டு ஓடுகின்றன. டெலிகாம் கண்காணிப்பு அறைகளில் அப்படிப்பட்டவை இன்னும் பணியில் உள்ளன. இன்று கிளவுட் நிறுவனம் ஒன்றின் எஸ்டிகேயை வைத்து எழுதும் இளைஞர்களுக்கு என் வேண்டுகோள் ஒன்றுதான். அந்த நிறுவனத்தின் பெயர் உங்கள் நிரலில் எத்தனை ஃபைல்களில் வருகிறது என்று இன்றே தேடிப் பாருங்கள். வாங்கும் பொறுப்பில் இருப்பவர்கள், ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன், உங்கள் கிளையன்டை வேறொருவரின் பொருளில் ஓட்டிக்காட்டச் சொல்லுங்கள். ஓடாத இடங்களை எழுத்தில் வாங்கி ஒப்பந்தத்தோடு இணையுங்கள்.